குழந்தைகளின் தட்டைப்பாதம்: அறுவை சிகிச்சை எப்போது, எப்படி?

குளித்துவிட்டு வரும் குழந்தையின் ஈரக்கால் சிமென்ட் தரையில் நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுதாகப் பதிந்தால், அது தட்டைப்பாதம். நடை பழகும் வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளின் பாதமும் இப்படித்தான் பதியும். பாத வளைவு சுமார் பத்து வயது வரை மெல்ல மெல்ல உருவாகும். ஆகவே பாதம் தட்டையாக இருப்பது மட்டும் அறுவை சிகிச்சைக்குக் காரணமல்ல, வலிதான் காரணம்.

முதலில் பாதம் நெகிழ்வானதா, விறைப்பானதா என்று அறிய வேண்டும். குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் போதும். வெளிப்பக்கம் சாய்ந்திருந்த குதிகால் உள்ளே திரும்பி, வளைவு எழும்பினால் பாதம் நெகிழ்வானது. எழும்பாவிட்டால் பாத எலும்புகள் ஒட்டி வளர்ந்திருக்கலாம். அதற்கு சி.டி. ஸ்கேன் தேவை, சிகிச்சையும் வேறு.

அடுத்து, பலர் அவசரத்தில் தவறவிடும் சோதனை: கெண்டைக்கால் இறுக்கம். குழந்தையைப் படுக்கவைத்து, குதிகாலை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முழங்காலை நீட்டியும் மடக்கியும் பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பார்க்க வேண்டும். நீட்டியபோது மட்டும் தடைபட்டால் இறுக்கம் கெண்டைத் தசையில். இரண்டு நிலையிலும் தடைபட்டால் குதிநாணில். குதிகாலைப் பிடிக்காமல் தள்ளினால் பாதம் நடுவில் வளைந்துகொடுத்து இறுக்கத்தை மறைத்துவிடும். கனடா ராணுவ வீரர்களின் பாதங்களை ஆராய்ந்து ஹாரிஸ், பீத் இருவரும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னதும் இதுதான்: தொல்லை தருவது, நாண் இறுக்கத்தோடு சேர்ந்த தட்டைப்பாதம்.

வலி இருந்தால் முதல் சிகிச்சை நாணை நீட்டும் பயிற்சி. முழங்காலையும் குதிகாலையும் நேராக வைத்து, தினமும் பல மாதங்கள் செய்ய வேண்டும். காலணிக்குள் வைக்கும் மெத்தை வலியைக் குறைக்கலாம். ஆனால் அது வளைவை உண்டாக்காது. வெங்கர் குழுவினர் 1989-இல் வெளியிட்ட மூன்றாண்டு ஆய்வில், சிறப்புக் காலணி அணிந்த குழந்தைகளுக்கும் எதுவும் அணியாத குழந்தைகளுக்கும் பாதம் ஒரே மாதிரிதான் தேறியது. நாண் இறுக்கமாக இருக்கும்போது கடினமான மெத்தை வைத்தால் வலி கூடவும் வாய்ப்புண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் உள்பக்க அடிப்பாதத்தில் வலியோ காய்ப்போ நீடித்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே அவசியம். படுத்து எடுத்தால் தட்டைத்தன்மை சரியாகத் தெரியாது.

பொதுவாக எட்டு வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்யப்படும் முக்கிய முறை, குதி எலும்பை நீட்டுவது. டில்வின் எவன்ஸ் 1975-இல் விவரித்த இம்முறையை வின்சென்ட் மோஸ்கா 1995-இல் செம்மைப்படுத்தினார். தட்டைப்பாதத்தில் பாதத்தின் வெளி ஓரம் குட்டையாக இருக்கும். அதை நீட்டினால் முன்பாதம் உள்ளே திரும்பி, சரிந்த கணுக்கால் எலும்பைத் தாங்கும் என்பதே இதன் அடிப்படை. மயக்க மருந்து கொடுத்தபின் பாதத்தின் வெளிப்பக்கம் கீறி, தோல் நரம்பைக் காத்துக்கொண்டு, அங்குள்ள சிறிய தசைநாணை நீட்டுவார்கள். குதி எலும்பைத் திறக்கும்போது அதன் முன்பக்க மூட்டு விலகிவிடாமல் ஒரு கம்பி செலுத்தப்படும். அந்த மூட்டிலிருந்து சுமார் ஒன்றரை செ.மீ. பின்னால் குதி எலும்பை வெட்டி விரித்து, இடுப்பெலும்பிலிருந்தோ எலும்பு வங்கியிலிருந்தோ எடுத்த ஆப்பு போன்ற துண்டை வைப்பார்கள். பிறகு கெண்டைத் தசையோ குதிநாணோ, எது இறுகியிருந்ததோ அது நீட்டப்படும். உள்பக்கத்தில் தளர்ந்த மூட்டுறை இறுக்கப்படும். கடைசியில் முன்பாதத்தைப் பார்க்க வேண்டும். பெருவிரல் பக்கம் தூக்கி நின்றால் அங்குள்ள எலும்பிலும் ஒரு வெட்டு தேவை. இதை விட்டுவிட்டால் திருத்தம் அரைகுறைதான்.

கணுக்காலுக்குக் கீழே உள்ள குழிவில் சிறு திருகு வைக்கும் எளிய முறையும் உண்டு. வலி வந்தால் அதை எடுக்க நேரும். மூட்டுகளை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை நெகிழ்வான பாதத்துக்குத் தேவையில்லை. அசைவை இழந்த மூட்டின் பாரம் பக்கத்து மூட்டுகளைத் தேய்க்கும்.

அறுவைக்குப் பின் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டு சுமார் எட்டு வாரம். அதில் முதல் வாரங்களில் பாதத்தை ஊன்றவே கூடாது. கம்பியை எடுத்து, எக்ஸ்ரேயில் எலும்பு சேர்வதைப் பார்த்தபிறகே மருத்துவர் ஊன்ற அனுமதிப்பார். முதல் சில நாட்கள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, விரல்களை அடிக்கடி பார்க்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, மருந்துக்கும் அடங்காத வலி கூடிக்கொண்டே போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.