நேர் வீதியில் ஓடியவள் வீடு புகுந்த கதை: ஜிபிஎஸ் வாட்ச்சுக்கு அக்கா டிப்ஸ்

போன ஞாயிறு காலை தங்கச்சி மூச்சு வாங்க வந்து போனை நீட்டினாள். "இங்க பாருக்கா, சம்பா கோயில்ல இருந்து மிஷன் வீதி, அப்புறம் ரங்கப்பிள்ளை வீதி, பாரதி பூங்கா, பீச். நேராத்தான் ஓடினேன். மேப்ல வீடு வீடாப் புகுந்து வந்திருக்கேன்!"

பார்த்தேன். முனையில் திரும்பவேண்டிய ஆரஞ்சுக் கோடு, திரும்பாமல் யார் வீட்டு மொட்டைமாடியையோ குறுக்கே கடந்து ரங்கப்பிள்ளை வீதிக்குப் போயிருந்தது. பாண்டி வீதிகள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருப்பதால், வாட்ச் செய்யும் தப்பு இங்கே பளிச்சென்று தெரியும். செட்டிங்கைத் திறந்தால் விஷயம் புரிந்தது. சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பேட்டரி சேவரில் ஓடியிருக்கிறாள்.

வாட்ச் மேல் தப்பே இல்லை. ஜிபிஎஸ்ஸும் பேட்டரியும் ஒரே பர்ஸில் இருக்கும் காசு. எங்கே தாராளமாகச் செலவழிக்கணும், எங்கே இழுத்துப் பிடிக்கணும் என்று தெரிந்தால் போதும். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1. நாள் கணக்கைப் பார்க்காதே, மணிக் கணக்கைக் கேள்

பெட்டி மேல் "14 நாள் பேட்டரி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வாட்ச் சும்மா மணி காட்டி, நாடி பார்த்து, மெசேஜ் காட்டும் கணக்கு. ஜிபிஎஸ்ஸை ஆன் பண்ணினால் கணக்கே வேறு. கார்மின் ஃபோர்ரன்னர் 255-ஐ எடுத்துக்கொள். கம்பெனி சொல்வது சாதாரணமாக 14 நாள். ஜிபிஎஸ் மட்டும் என்றால் 30 மணி நேரம். மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்தால் 25 மணி. இரண்டு அலைவரிசையில் கேட்கும் மல்டி-பேண்ட் போட்டால் 16 மணி. ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்களுக்கு வெகுநாளாகச் சொல்லப்பட்ட மொத்தக் கணக்கே 18 மணி நேரம்தான். ராத்திரி சார்ஜ் போட மறந்தால் காலை ஓட்டம் போச்சு.

உன் கணக்கைப் போட்டுப் பார். வாரம் 5 நாள், தினம் 1 மணி நேர நடை. 30 மணி தாங்கும் மோடில் ஒரு நடைக்குச் சுமார் 3 சதவீதம் போகும். 16 மணி மோடில் சுமார் 6 சதவீதம். தினசரி நடைக்கு இரண்டும் தாங்கும். முழு மாரத்தான் ஓடுகிறவளுக்கு 5, 6 மணி நேரம் ஆகலாம். அப்போது தேவைக்கு இரண்டு மடங்காவது தாங்கும் வாட்ச்சாகப் பார். பேட்டரி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வலு குறையும்.

2. "ஜிபிஎஸ்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது

இது நான் பட்ட பாடு. ஆஃபரில் வந்ததே என்று ஒரு மலிவு வாட்ச் வாங்கினேன். போனை வீட்டில் வைத்துவிட்டு பீச் ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்த் திரும்பினேன். அந்த ரோடு சுமார் ஒன்றரை கிலோமீட்டர். போக வர 3. வாட்ச் காட்டியது கிட்டத்தட்ட 4! பெருமையாக இருந்தது, அடுத்த நாளும் அதே கதை வரும்வரை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் "கனெக்டட் ஜிபிஎஸ்". அதாவது வாட்ச்சுக்குள் ஜிபிஎஸ்ஸே கிடையாது. போனிடம் கடன் வாங்கும். போன் கூட இல்லாவிட்டால் காலடியை எண்ணி, ஒரு அடிக்கு இவ்வளவு தூரம் என்று உத்தேசமாகப் பெருக்கிச் சொல்லும்.

போனை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நடப்பேன் என்றால் கனெக்டட் போதும், வாட்ச் சார்ஜும் மிச்சம். போன் இல்லாமல் போக நினைத்தால் "பில்ட்-இன் ஜிபிஎஸ்" என்று இருக்கிறதா பார்த்து வாங்கு.

3. ஊரைப் பார்த்து மோடு போடு

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. நீ நிற்கும் இடத்தைச் சரியாகச் சொல்ல வாட்ச்சுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோளாவது தெரியணும். அங்கிருந்து வரும் சிக்னல் ரொம்ப மெலிசு. கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பினால் வாட்ச் குழம்பும், ஈர இலைக்கூட்டம் அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்:

பீச் ரோடு: கிழக்கே முழுக்கக் கடல், தலைக்கு மேல் முழு வானம். "ஜிபிஎஸ் மட்டும்" மோடே தாராளம். மல்டி-பேண்ட் போடுவது பகல் வெயிலில் டார்ச் அடிக்கிற மாதிரி.

மிஷன் வீதி, நேரு வீதி மாதிரி கடைத்தெரு: இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம். இங்கே "ஆல் சிஸ்டம்ஸ்" போடு. அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எல்லாம் சேர்ந்துகொள்ளும். வானத்தில் எண்ணிக்கை கூடினால் சந்துக்குள்ளும் நாலு பேராவது கண்ணில் படுவார்கள்.

தாவரவியல் பூங்கா, ஆரோவில் காட்டுப் பாதை: 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய பூங்கா, மரமெல்லாம் அடர்த்தி. ஆரோவில் செம்மண் தடமும் அப்படித்தான். பிப்ரவரியில் அங்கே நடக்கும் மாரத்தானுக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மல்டி-பேண்டுக்குக் காசு செலவழிக்கவேண்டிய இடம் இதுதான். இதில் வாட்ச் எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையில் கேட்கும். நேராக வந்த சிக்னல் எது, எதிரொலித்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க எல்5 ரொம்பவே உதவும்.

நம் இஸ்ரோவின் நாவிக்கும் இந்த வரிசையில் உண்டு. அதன் பழைய செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில்தான் பேசின. 2023 மே 29-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01-இல் எல்1-உம் சேர்ந்தது. சின்னக் கைக்கடிகாரச் சிப்புகளுக்கு அது தோது. வாங்கும்போது நாவிக் இருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேட்டுவை.

மாற்றி மாற்றிப் போடச் சோம்பலா? சில வாட்ச்சில் "ஆட்டோ செலக்ட்" இருக்கும். இடத்தைப் பார்த்து அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

4. பேட்டரி சேவரை ஊருக்குள் போடாதே

அல்ட்ராடிராக் மாதிரியான பேட்டரி சேவர் மோடுகள் ஜிபிஎஸ்ஸை விட்டு விட்டுத்தான் எழுப்பும். நடுவில் நீ முனை திரும்பினால் அதற்குத் தெரியாது. இரண்டு புள்ளியையும் கோடு போட்டு இணைத்துவிடும். தங்கச்சி மொட்டைமாடி ஏறிய மர்மம் இதுதான். நாள் முழுக்க மலையேறுகிறவர்களுக்கு அந்த மோடு சரி. முக்கால் மணி நேர ஓட்டத்துக்குப் போட்டால் மிச்சமாவது ஒன்றிரண்டு சதவீதம்.

5. கேட்டில் ஒரு நிமிஷம் நில்

வாசல் தாண்டும்போதே ஸ்டார்ட் அமுக்குவதுதான் நம் எல்லார் பழக்கமும். தான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு செயற்கைக்கோளும் சொல்லி முடிக்கவே சுமார் 30 விநாடி ஆகும். போன் ஆப்போடு வாட்ச்சை முந்தின நாளே சிங்க் பண்ணிவிட்டால் அந்த விவரம் முன்கூட்டியே இறங்கியிருக்கும், சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் சிங்க் பண்ணாவிட்டால் காக்கவைக்கும். கான்கிரீட் தளத்துக்கு அடியில் நிற்காமல் தெருவுக்கு வந்து ஷூ லேஸ் கட்டு. வாட்ச்சில் ஜிபிஎஸ் குறி பச்சையான பிறகு ஸ்டார்ட் அமுக்கு.

6. உண்மையான திருடர்களைப் பிடி

சார்ஜ் இறங்கினால் எல்லாரும் முதலில் ஜிபிஎஸ்ஸில் கை வைக்கிறோம். அணையாமல் எரியும் திரை, முழு வெளிச்சம், கையை அசைத்தாலே விழிக்கும் வசதி, வாட்ச்சிலேயே ஓடும் பாட்டு, குடும்ப குரூப்பின் குட் மார்னிங் படங்கள்... இவற்றில் முதலில் கை வை. அதே 255-இன் மியூசிக் மாடலில் ஆல் சிஸ்டம்ஸோடு பாட்டும் போட்டால் 25 மணி 7 மணியாகிவிடும். பாட்டைப் போனுக்கு விட்டுவிடு. அலைச் சத்தம் இருக்கும்போது பீச்சில் பாட்டு எதுக்கு என்பது என் கட்சி. அது உன் இஷ்டம்.

7. உப்புக்காத்துக்குத் தனிக் கவனிப்பு

நம் ஊரில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும். சார்ஜ் பின் எம்மாத்திரம்? வியர்வையோடு சார்ஜில் போட்டால் பின்னைச் சுற்றிப் பச்சை பூக்கும், பிறகு சார்ஜே ஏறாது. ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் பின்புறத்தை ஒற்றி, ஈரம் போன பிறகு சார்ஜ் போடு.

இன்னொன்று சூடு. சித்திரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கிக்குள் வாட்ச்சை வைக்காதே. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. எப்போதும் நூறு வரை ஏற்றணும் என்றும் இல்லை. குளித்து டிபன் சாப்பிடும் நேரம் போட்டு எடுத்தால் அன்றைய பாடு முடிந்தது. 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருந்தால் அதன் ஆயுசு நீளும்.

8. வீட்டு வாசலை ஊருக்குக் காட்டாதே

பொண்ணுங்க இதை இரண்டு தடவை படியுங்கள். ஓடிய மேப்பை ஸ்ட்ராவா ஆப்பில் போடுகிறோம். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் உன் வீடு. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகளே தெரிந்து பெரிய சர்ச்சையானது. ராணுவத்துக்கே அந்தக் கதி. பிரைவசி செட்டிங்கில் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி உண்டு, போட்டுவை. ஊருக்கு மறைத்ததை வீட்டுக்குக் காட்டு: விடியற்காலை தனியாகப் போகும்போது லைவ் லொகேஷனை அம்மாவுக்கோ எனக்கோ அனுப்பிவிட்டுப் போ. இதற்குப் பெரும்பாலும் போனும் கூட வரணும்.

சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு இந்த ஞாயிறு தங்கச்சி மறுபடி கிளம்பினாள். பீச் ரோட்டில் மாலை 6-லிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். அதற்குள் முடித்துவிட்டு வந்து போனை நீட்டினாள். மிஷன் வீதி நேர்க்கோடு, ரங்கப்பிள்ளை வீதி நேர்க்கோடு, முனையில் சுத்தமான திருப்பம். பேட்டரி 4 சதவீதம்தான் குறைந்திருந்தது.

காந்தி சிலை பக்கத்தில் மட்டும் கோழி கிண்டிய மாதிரி ஒரு கிறுக்கல். ஒரே இடத்தில் நின்றாலும் ஜிபிஎஸ் இரண்டு மூன்று மீட்டர் அங்கும் இங்கும் தள்ளாடும். நிற்கும்போது பாஸ் போடாவிட்டால் இப்படித்தான் முடிச்சு விழும்.

"இங்க என்னடி பண்ணின?"

"லேஸ் கட்டினேன்க்கா."

நேரத்தைப் பார்த்தேன். 14 நிமிஷம். சுண்டல் நல்லா இருந்துச்சா என்று மட்டும் கேட்டேன்.