கோழிக்குச் சளி பிடித்தால்

மாரி மழைக்குப் பயந்து, மிஞ்சிய தறப்பாளால் கோழிக்கூட்டைச் சுற்றிவர மூடிவிடாதீர்கள். ஈர எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு கோழியின் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். பிறகு சளிநோய் இலகுவில் தொற்றும். கூட்டுக்குள் குனிந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவு முழுக்க அதற்குள் கிடக்கும் கோழியின் பாடு என்ன? மேற்பக்கம் காற்றோட விடுங்கள். நனைந்த உமியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள்.

தும்மல், மூக்கில் நீர், முகவீக்கம் கண்டால் அன்றே அந்தக் கோழியைப் பிரித்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள அன்ரிபயோட்டிக் குளிசையைக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். மருந்து முட்டையிலும் சேரும். அதைச் சாப்பிடுவது உங்கள் பிள்ளைகள்.

கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் இராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதைக் குணமாக்க மருந்தில்லை. தடுப்பு மருந்தைக் கோழிகள் சுகமாக இருக்கும்போதே கேட்டுப் போடுவியுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியே வைத்திருங்கள்.