முத்திரிக்கிணற்றுத் தண்ணீரும் பந்திச் சோறும்



இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் சுவாமிதோப்புக்குப் போய் வந்த அன்புக்கொடி மக்களிடம், அங்கே எது மனதுக்கு நிறைவாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்தே வந்து, விடியும் நேரத்தில் இறங்கி, முத்திரிக்கிணற்றடியில் நின்றபோது தலையில் தண்ணீர் விழுந்ததே, அதைத்தான் முதலில் சொல்வார்கள். பிறகு தலைப்பாகை கட்டிக்கொண்டு பதியைச் சுற்றி வந்ததைச் சொல்வார்கள். பிறகு முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட உம்பான்சோற்றைச் சொல்வார்கள். வாய்க்கு ருசியாக எத்தனையோ சாப்பிட்டவர்கள்கூட, காய்கறியும் அரிசியும் ஒன்றாக வெந்த அந்தச் சோற்றைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்ந்துவிடுகிறார்கள்.

தண்ணீர், துணி, சோறு. மூன்றும் வீட்டிலேயே இருப்பவைதான். இவற்றுக்காகவா எழுநூறு கிலோமீட்டர் போகிறோம் என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல அய்யா காலத்துத் திருவிதாங்கூருக்குப் போக வேண்டும்.

அய்யா வைகுண்டர் அவதரித்தது கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833. அன்றைக்குத் தென்திருவிதாங்கூரில் பனையேறி மக்களும் அவர்களைப் போல ஒடுக்கப்பட்ட மற்ற சாதியாரும் எப்படி வாழ்ந்தார்கள்? குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தோளுக்கு மேல் துணி போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். இடுப்பில் குடம் வைத்து, ஒரு கையை வீசிக்கொண்டு நடப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அந்தச் சின்னச் சுகம்கூட மேல்சாதிப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். ஊர்ப் பொதுக்கிணற்றில் வாளி இறக்க முடியாது. இதற்கு மேல் வரி. பதினாறு வயது முதல் அறுபது வயது வரை ஆண்களுக்குத் தலைவரி. பனை ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். உழைக்கிற கருவிக்கே காசு கட்டிவிட்டுத்தான் உழைக்க வேண்டும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு முத்திரிக்கிணற்றைப் பாருங்கள். அய்யா அந்தக் கிணற்றை எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக்கினார். ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே இடத்தில் குளித்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். அரசனுக்கும் செல்வந்தனுக்கும் மட்டும் உரிய தலைப்பாகையை மரமேறுகிறவனின் தலையில் கட்டச் சொன்னார். பள்ளியறையில் சிலை வைக்காமல் கண்ணாடி வைத்தார். தலை குனிந்தே பழகிய மனிதன், தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கும் தன் முகத்தைத் தானே பார்த்தான். அன்றைக்கு அவன் மனதில் பொங்கிய சந்தோஷத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

எளிய இன்பங்களைப் பற்றிப் பேசும்போது, "இருப்பதே போதும் என்று நினை, ஆசைப்படாதே" என்று சொல்வது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. நம் திருவொற்றியூரிலேயே கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் அவர், எல்லாச் செல்வத்தையும் உதறிவிட்டு இந்த ஊருக்கு வந்தார். கையில் கொண்டு வந்த பேய்க்கரும்பின் நுனி இங்கேதான் இனித்தது என்றும், கடைசி நாளில் கடற்கரைச் சிறுவர்களோடு மணலில் விளையாடியபடியே மறைந்தார் என்றும் சொல்கிறார்கள். மிக அழகான வரலாறு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரிடம் எல்லாம் இருந்தது, அவராகவே விட்டார். நம் முன்னோர்களிடம் விடுவதற்கு ஒன்றுமே இல்லை. தாகத்தோடு நிற்பவனிடம் போய், கிணற்றை நினைத்துப் பார்த்தே திருப்தியடை என்று அய்யா சொல்லவில்லை. கிணற்றையே கொடுத்தார். இந்த வேறுபாட்டைச் சில பிரசங்கங்களில் விட்டுவிடுகிறார்கள்.

துவையல் தவசையும் இப்படித்தான் படிக்க வேண்டும். எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பி, வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் தவசு இருக்கச் செய்தார் அய்யா. தவசு என்றால் காட்டில் கண்ணை மூடி உட்காருவது என்றுதான் நாம் நினைப்போம். இங்கே தவசு என்பது தினமும் மூன்று முறை குளிப்பது, உடுத்திய துணியைத் துவைப்பது, அரிசியும் பயறும் சேர்த்து ஒரு வேளை உண்பது, புலால் தொடாமல் இருப்பது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து இருந்த தவசு அது. வெயிலில் காய்ந்த துணியை உதறி உடுத்துவது ஒரு தவசாகுமா என்று கேட்கலாம். மாற்றுத் துணி இல்லாதவனுக்கு, அழுக்கன் என்று ஊரே ஒதுக்கி வைத்தவனுக்கு, அதைவிடப் பெரிய தவசு எது? துவையல் பந்திமாராகத் திரும்பியவர்கள் தம் ஊர்களில் தாங்கல்களை எழுப்பி, குளித்துத் துவைத்து ஒன்றாக உண்ணும் பழக்கத்தையும் கொண்டு போனார்கள். பெண்கள் மேலாடை அணிவதற்குத் திருவிதாங்கூர் அரசு 1859-இல்தான் அனுமதி அறிவித்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1851-இல், அய்யா வைகுண்டம் சென்றுவிட்டார்.

அதெல்லாம் பழைய கதை, தெற்கத்திக் கதை என்று வடசென்னைப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. 2019 கோடையை அவர்களே பார்த்திருக்கிறார்கள். புழல் ஏரி வறண்டது, செம்பரம்பாக்கமும் பூண்டியும் சோழவரமும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டரோடு முதல் ரயில் ஜூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தண்டையார்ப்பேட்டைத் தெருக்களில் லாரி ஹாரன் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடினார்கள். அன்று நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறிய அம்மாக்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று. அதே வரிசையில் இரண்டு குடத்துக்காகச் சண்டையும் நடந்தது. நடக்க முடியாத கிழவிக்கு ஒரு குடம் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்த பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நின்றார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. கொசஸ்தலையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவர்கள் அங்கே உண்டு. வலைகூட வேண்டாம், விரல் நுனியில் இறால் துள்ளுவது தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆற்றில் அவர்கள் கால் வைக்க முடியாமல் நின்றார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து, தூக்கத்திலிருந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மூச்சுவிடுவதை யாராவது இன்பக் கணக்கில் சேர்ப்பார்களா? அந்த இரவுக்குப் பிறகு பெரியகுப்பத்துக்காரர்கள் சேர்ப்பார்கள்.

துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். ஓட்டுநர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நெரிசல் நாட்களில் மணிக்கணக்கில் வண்டியிலேயே இருந்து, கேனில் மிச்சமிருக்கும் தண்ணீரில் முகம் கழுவுவார்கள். அப்படி ஒருவர் தாங்கல் வாசலில் வந்து நின்றால் அவர் பெயரையும் சாதியையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. குளிக்க ஒரு வாளி தண்ணீர், பிறகு இலையில் ஒரு பிடி சோறு. குளித்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பந்தியில் வந்து உட்காருகிறவரின் முகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். புரட்டாசியில் மணலி புதுநகர் தர்மபதித் திருவிழாவுக்குப் போகும்போதும் தேரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அன்னதானப் பந்தியில் சற்று நேரம் பரிமாறிவிட்டு வரலாம். பந்தியில் கடைசியாக உட்காரும் பணிவிடைக்காரர்களுக்குச் சில நாள் குழம்பு மிஞ்சாது. ஊறுகாயோடு சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துக்குப் பிள்ளைகள் ஒரு வேலை செய்து வர வேண்டும். வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டியிடம், இல்லாவிட்டால் தெருவில் வயதான யாரிடமாவது கேட்க வேண்டும்: சின்ன வயதில் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? எந்தக் கிணற்றில் எடுக்க விட்டார்கள், எந்தக் கிணற்றில் விடவில்லை? முதன்முதலாக உங்கள் வீட்டு வாசலில் குழாய் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதி வரட்டும். பாட்டி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. நடுவில் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், காத்திருக்க வேண்டும்.