மூச்சு வாங்குமுன் இறங்கியவர்

நெடுந்தூரச் சைக்கிளில் எனக்கு முதல் ஆசிரியர், இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பாண் கொண்டுவந்த மாமாதான். கியர் இல்லாத கறுப்புச் சைக்கிள், பின்கரியரில் தகரம் அடித்த மரப்பெட்டி, அதற்குள் பாணும் பணிஸும். ஏற்றத்தில் அவர் மிதிப்பதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். ஆனால் எங்கே இறங்குகிறார் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. வண்டி தள்ளாடி, இனி ஏலாது என்று ஆனபிறகு இறங்கமாட்டார். தெம்பு இருக்கும்போதே இறங்கிவிடுவார். "மூச்சு வாங்கறதுக்கு முந்தியே எறங்கிடணும் தம்பி. வாங்கிருச்சுன்னா அத அடக்கவே அரை மணி போயிரும்" என்பார். மேட்டின் உச்சியில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. ஏறி முடித்த கையோடு சீட்டில் உட்கார்ந்து, மெதுவாக மிதித்துக்கொண்டே இளைப்பாறுவார்.

கையில் இதயத்துடிப்புக் கடிகாரம் கட்டியவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள், கொஞ்சம் செலவோடு. மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியே ரிவர்ஸ்டனுக்குப் போனால் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும். முதல் வளைவுகளிலேயே பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு இழுத்தால் கியரைக் குறையுங்கள். கியரும் தீர்ந்துவிட்டதா, இறங்கித் தள்ளுங்கள். மேலே காற்றும் மூடுபனியும் சட்டென்று வந்துவிடும். வியர்த்த உடம்போடு பிட்டவல பத்தனைப் பக்கம் இறங்கினால் பல் கிட்டும். பாண்கார மாமா இறக்கத்துக்கு முன் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வார். டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலையுச்சியில் பத்திரிகை வாங்கி அதையே செய்வதைப் பிற்காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

அடுத்தவர் மாத்தளை டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணன். பஞ்சர் ஒட்டுவதை அவர் என் கையாலேயே செய்யவைத்தார். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் சுரண்டி, சொலுசன் பூசிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் வேலை. விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. அதற்குப் பிறகுதான் துண்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டியது அடுத்த ஊரில் கழன்றுவிடும். டயரை மாட்டுமுன் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார், குத்திய முள் அங்கேயே இருக்கலாம் என்று. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதே, ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடி என்பதும் அவர் சொன்னதுதான். குதிகாலைப் பெடலின் அடிமட்டத்தில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் சீட்டின் உயரம். என் முழங்கால் வலி அந்த ஒரு திருகில் போனது.

தூரத்தின்மேல் ஆசையை மூட்டியவர் ஒரு வாத்தியார். வடமராட்சிக்காரர், மாத்தளையில் படிப்பித்தவர். அவர் ஊர்ப் பெருமை வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப்போய்த் திரும்பிவந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்துபோனார். நீச்சலை எல்லோரும் சொல்வார்கள். வாத்தியார் சொன்னது சைக்கிளை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி ஆனந்தன் 187 மணி 28 நிமிடம் ஓட்டினார், கிட்டத்தட்ட எட்டு நாள். "எவ்வளவு வேகமாப் போனவர் எண்டு கேக்காதேங்கோ, எவ்வளவு குறைய நிண்டவர் எண்டு கேளுங்கோ" என்பார் வாத்தியார்.

இந்தக் கேள்வியின் அருமை ஏ-9 வீதியில் தெரியும். மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். உலகெங்கும் நடக்கும் ஓடாக்ஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டங்களில் 300 கிலோமீற்றருக்குக் கொடுக்கும் நேரம் 20 மணி. மணிக்கு 20 கிலோமீற்றர் மிதித்தால் 15 மணி ஓட்டம், ஐந்து மணி மிச்சம். பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு பிளேன்டி, பத்து நிமிஷம் என்று நின்றால் அந்த ஐந்து மணியும் அதோடு சரி. ஒரு பஞ்சருக்குக்கூட இடமில்லை. கடைக்குள் நுழையுமுன் என்ன வாங்குவது, எதை நிரப்புவது என்று முடிவுசெய்துவிடுங்கள். தின்பதை மிதித்துக்கொண்டே தின்னலாம்: வாழைப்பழம், கட்டிய சோற்று உருண்டை. பசித்தபின் சாப்பிடுவது பிந்திய சாப்பாடு. தண்ணீர் மட்டும் குடித்தால் தம்புள்ளைக்கு அப்பால் வெயிலில் தலை சுற்றும். ஜீவனிப் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். முறிகண்டியில் பிள்ளையாருக்கு எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள், கச்சானை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட 46 கிலோமீற்றரை மட்டும் நான் ஒருபோதும் குறைசொல்வதில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துதான் வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. நாலந்தா ஏற்றத்தில் சீட்டு வலிக்கிறது என்று முனக எனக்கு வாய் வருவதில்லை.

விடியுமுன் கிளம்பி இந்தத் துண்டை விளக்கு வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். தம்புள்ளை தாண்டும்போது நன்றாக வெளித்திருக்க வேண்டும். கெக்கிராவைப் பக்கம் யானை வீதிக்கு வரும், சைக்கிள் சத்தம் அதற்குக் கேட்காது. எந்த மாதம் போவது என்று வாத்தியாரையே கேட்டேன். ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். மார்கழி, தையில் வாடைக்காற்று ஆனையிறவு வெளியில் முகத்தில் அறையும், வைகாசிக்குப் பிறகு சோளகம் பக்கவாட்டில் முதுகைத் தள்ளிவிடும் என்றார். "சோளகத்தில வா ராசா. வெயில்தான். தொப்பிய மறந்திடாத."