பாறையிற் பொறித்த பழந்தமிழ்

மலைநாட்டின் பழஞ் சரித்திரத்தை அறிய விரும்பும் மாணவனுக்கு ஏட்டுக் கல்வி மாத்திரம் போதாது. இம்மலைகளிலே எழுத்துத் தாங்கிய பாறைகளும் உள. அவற்றுள் தமிழ் மாணவர் முதலிற் காணத்தக்கது, கண்டிக்குத் தென்மேற்கே உடுநுவரையிலுள்ள இலங்காதிலக விகாரைப் பாறையாகும்.

கி. பி. 14ஆம் நூற்றாண்டிலே கம்பளை சிங்கள அரசின் தலைநகராயிற்று. அங்கிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகாரர், 1344இல் பன்ஹல்கல என்னும் பாறையின்மீது இவ்விகாரையைச் செங்கல்லாற் கட்டுவித்தார். கட்டடத்தை அமைத்தவர் தபதி இராயர். சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடலாதெனிய விகாரையும் அவ்வாண்டிற்கே உரியது. கருங்கல்லாலான அதனை அமைத்தவர் கணேசுவராசாரியார். அங்கே தென்னிந்தியக் கோயிலமைப்பைத் தெளிவாகக் காணலாம். இலங்காதிலகத்திலோ புத்தர் சந்நிதியோடு தேவர் சந்நிதிகளும் உள. விநாயகரும் அங்கு இடம்பெற்றுள்ளார்.

மலைமேற் கோயில் எழுந்தால் சாரலிற் குடிகள் நிலைபெறுவர். கோயிலுக்கு அரசர் வயல் வழங்குவர். அவ்வயலை உழுதுண்போர் மேளம் முழக்குதல் முதலிய தொண்டுகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்வர். இதுவே மலைநாட்டு வழக்கம். இலங்காதிலகத்திற்கு வழங்கிய நிலங்கள் பற்றிய சாசனம் அப்பாறையிலேயே சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. பேராசிரியர் பரணவிதான 1960இல் இச்சாசனங்களை ஆராய்ந்து வெளியிட்டார். படிப்போர் இல்லாத மொழியில் எவரும் கல்லிற் பொறிப்பிக்கார். ஆதலின் தமிழறிந்தோர் அக்காலத்தில் இப்பகுதியோடு தொடர்புற்றிருந்தனர் என்பது துணிபு.

சாசனம் படிக்கப் புகுவோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்க. முதலாவது காலக்கணிப்பு: சக ஆண்டோடு 78ஐக் கூட்டினாற் கிறித்து ஆண்டு கிடைக்கும், சகம் 1266 என்பது 1344 ஆகும். இரண்டாவது எழுத்து: பழஞ் சாசனங்களிற் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடார், எகர ஏகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டார். ‘கல’ என எழுதியிருப்பின், அது கல்லோ கலவோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். இங்கேதான் இலக்கணப் பயிற்சி சரித்திரத்திற்குக் கைகொடுக்கின்றது.

கல்லெழுத்தும் அழியாததன்று. மழையும் பாசியும் அதனைத் தேய்க்கின்றன. சுண்ணக்கட்டி பூசியும் ஆணியாற் கீறியும் படிக்க முயல்வோர் அதனினும் விரைவில் தேய்க்கின்றனர். காலை மாலைச் சாய்வெயிலில் எழுத்துத் தானே புலப்படும். தொடாது நின்று படித்தலே முறை. ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் இளையோரை அங்கு அழைத்துச் செல்வார்களாக. படிக்க வல்லோர் உள்ளவரையிலேதான் அப்பாறை நம்மோடு பேசும்.