கோணல் மனையின் இரண்டு உயரங்கள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் மாணவர்கள் சாலையோரங்களில் எல்லைக்கல் நட்ட மனைகளைப் பார்த்திருப்பீர்கள். பழைய வரப்பைச் சாலை சாய்வாக வெட்டிச் சென்றால், மனை செவ்வகமாக அமையாது, இணைகரமாகிவிடும்.

அத்தகைய மனை ஒன்றின் சாலை முகப்பு 60 அடி, பக்கம் 50 அடி எனக் கொள்வோம். விற்பவர் இரண்டையும் பெருக்கி 3000 சதுர அடி என்பார். நாடாவை மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். செவ்வகமானால் இரு மூலைவிட்டங்களும் ஏறக்குறைய 78 அடி இருக்க வேண்டும். இங்கோ குறுகிய மூலைவிட்டம் 50 அடிதான்!

இனி மனையின் பாதி, 50, 50, 60 அடிப் பக்கங்களுள்ள இருசமபக்க முக்கோணம். உச்சியிலிருந்து வரையும் செங்குத்து, 60 அடியை 30, 30 ஆகப் பிரிக்கும். 30, 40, 50 என்ற செங்கோண முக்கோணத்தை நீங்கள் அறிவீர்கள். ஆகவே உயரம் 40 அடி. பரப்பு 60 × 40 = 2400 சதுர அடி, அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. விற்பவர் கணக்கில் 600 சதுர அடி வெறுங்காற்று!

ஏன் பக்கத்தால் பெருக்காமல் உயரத்தால் பெருக்குகிறோம்? தாளில் இணைகரம் வரைந்து, விரிகோண முனையிலிருந்து அடிப்பக்கத்திற்குச் செங்குத்து வரைந்து, அந்த முக்கோணத்தை வெட்டி மறுமுனையில் ஒட்டுங்கள். செவ்வகம் கிடைக்கும். அதன் அகலம் உயரமே. சாய்ந்த பக்கம் அன்று.

50 அடிப் பக்கத்தையே அடியாகக் கொண்டாலும் நிலம் அதே நிலந்தானே? பரப்பு மாறாது. எனவே

60 × 40 = 50 × மற்ற உயரம்

மற்ற உயரம் 48 அடி. நீண்ட பக்கத்திற்குக் குறுகிய உயரம், குறுகிய பக்கத்திற்கு நீண்ட உயரம். உயரங்கள் பக்கங்களுக்கு எதிர்விகிதத்தில் அமைகின்றன. வீடு கட்டுவோர்க்கு இந்த 48 முக்கியம். பக்க எல்லைக்கு இணையாகச் சுவர் எழுப்பினால், முகப்பு 60 அடியானாலும் கிடைக்கும் அகலம் 48 அடியே.

12 செ.மீ., 10 செ.மீ. நீளத்தில் இரண்டிரண்டு மூங்கில் குச்சிகளை முனைகளில் குண்டூசியால் இணைத்துச் சட்டம் செய்யுங்கள். சாய்க்கச் சாய்க்க இரு உயரங்களும் குறையும். 10-க்கு 12 என்ற அவற்றின் விகிதம் மட்டும் மாறாது. பத்திரத்தில் நான்கு பக்க அளவுகள் மட்டும் இருந்தால் பரப்பு தெரியாது என்பதை இச்சட்டமே காட்டிவிடும். நில அளவையர் புலப்படத்தில் மூலைவிட்டமும் செங்குத்து அளவுகளும் குறிப்பது இதனால்தான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: அதே 60, 50 அடி மனையில், 60 அடிப் பக்கத்திற்கு உயரம் 52 அடி என்கிறார் ஒருவர். மனையைப் பார்க்காமலே மறுக்கலாம். எப்படி?