குளிர் சிகிச்சை: பயனும் எச்சரிக்கையும்

மார்கழி விடியலில் குளிர்ந்த நீரில் நீராடித் திருச்செம்பூர் முருகனைத் தொழச் செல்வோருக்குக் குளிர் தரும் புத்துணர்ச்சி புதிதன்று. அதனினும் பன்மடங்கு கடுமையானது முழு உடல் குளிர் சிகிச்சை. முடக்குவாத நோயாளிகளின் வலியைத் தணிக்க, 1970-களின் இறுதியில் ஜப்பானிய மருத்துவர் யமாவுச்சி இதைத் தொடங்கினார். மைனஸ் 110 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழான குளிரில் 2 முதல் 3 நிமிடங்கள் நிற்பதே இம்முறை.

குளிரால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; வலியுணர்வு சிறிது நேரம் மரத்துப்போகிறது; நார்அட்ரினலின் சுரப்பு மிகுந்து மனம் விழிப்படைகிறது. ஆயினும், மனச்சோர்வை இது தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எந்த நோய்க்கும் இச்சிகிச்சைக் கருவிகளுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் தெளிவுபடுத்தியது.

கட்டுப்படாத இரத்த அழுத்தமும் இதய நோயும் உடையோர், கருவுற்ற மகளிர் ஆகியோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். குளிர் திடீரென இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதை நாம் மறத்தலாகாது. பல அமர்வுகளுக்கு மொத்தமாகப் பணம் செலுத்துமுன் மருத்துவரிடம் கலந்தாலோசிப்போம். இச்செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதையும் பாலிசி ஆவணத்தில் பார்த்தறிவோம்.